ஜப்தி அக்காவும் கிழியாத மாப்பிள்ளையும்

பூமியில் புதுத்துணியைக் கண்டு சந்தேகப்பட்ட ஒரே பெண்மணி மட்டாஞ்சேரி ஜப்தி அக்காதான். புதுச்சேலையைப் பார்த்தால் மற்றவர்கள் விலை கேட்பார்கள், கடை கேட்பார்கள், கொஞ்சம் வயிறும் எரிவார்கள். அக்கா இரண்டு விரலால் முந்தானையைப் பிடித்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, "இது இன்னும் தன் குணத்தைக் காட்டலை" என்று கீழே விட்டுவிடுவார். தலைதீபாவளிக்கு வந்த பக்கத்து வீட்டுப் பெண் அதைக் கேட்டு, அன்று முழுக்க அந்தச் சேலையோடு உட்காரப் பயந்து நின்றுகொண்டே இருந்தாளாம். நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

ஒரு மசாலா ஏற்றுமதி ஆபீசில் வேலை கிடைத்து மதுரையிலிருந்து கொச்சிக்குப் போன நான், மட்டாஞ்சேரியில் ஒரு சந்துக்குள் மாடி வீட்டில் மனைவியோடு குடியிருந்தேன். கீழ்வீட்டில் அக்காவும் அவருடைய ஒரே மகள் செல்வியும். அக்காவுக்குச் சங்கரன்கோவில் பக்கம். கல்யாணமாகி வந்து அங்கேயே தங்கிவிட்டதால் அவருடைய தமிழில் மலையாளத்துச் சாயாவும் சேட்டனும் பின்னேயும் வாடகை கொடுக்காமல் குடியேறியிருந்தன. மிளகும் சுக்கும் அடுக்கிவைக்கும் கிட்டங்கி ஒன்றில், கிழிந்த கோணிச்சாக்குகளுக்கு ஒட்டுப்போடுவது அவர் வேலை.

சாக்குக்கு ஒட்டுப்போடுகிற ஆள் முதலில் ஓட்டையைத்தான் பார்க்கும். அக்கா ஓட்டைக்குள் கையை விட்டு, விரல்களை விரித்து, இது இன்னும் எந்தப் பக்கம் கிழிய நினைக்கிறது என்று நிதானமாக விசாரிப்பார். அப்புறம்தான் ஊசி. கிட்டங்கியில் பகலெல்லாம் இப்படி விசாரணை நடத்திவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, துண்டுத்துணிகளைச் சேர்த்துப் போர்வை தைப்பார். அதற்கும் இதே சட்டம்தான்.

ஒரு பழைய சேலையைத் தரையில் விரிப்பார். அதில் எங்கே கிழிந்திருக்கிறது என்று தேடி, அங்கே முதல் துண்டை வைப்பார். அளவுநாடா கிடையாது, சாக்குக்கட்டியால் கோடு கிடையாது, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்ற யோசனையும் கிடையாது. முதல் துண்டு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்து அங்கே இரண்டாவது. அந்த இரண்டாவதும் சும்மா இருக்காது, அதற்கு மூன்றாவது. "ஒண்ணுக்கு ஒண்ணு காவல் தம்பி. காவல் இல்லாம எதையும் விடப்படாது" என்பார். இப்படிக் காவலுக்குக் காவல் போட்டுக்கொண்டே போய் ஒரு வழியாகப் போர்வை முடியும்போது, அதில் ஒரு நேர்க்கோடு இருக்காது, ஒரு மூலை இன்னொரு மூலைக்குச் சமமாக இருக்காது. ஆனால் என்ன மாயமோ, பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. மழைக்காலத்தில் அதைப் போர்த்திக்கொண்டு படுத்தால் ஆபீசுக்குப் போக மனசு வராது.

இதற்குத் துணி எங்கிருந்து வரும்? அங்கேதான் ஜப்தி. தையல்கடைகளில் மிச்சம் விழும் துண்டுகளை யாராவது மூட்டையாகக் கொண்டுவந்து கொடுத்தால் அக்கா தொடமாட்டார். அதெல்லாம் கத்திரியால் வெட்டினது, வெட்டினதுக்குக் குணம் கிடையாது என்பது அவர் கட்சி. உடுத்தி, துவைத்து, தானாகக் கிழிந்த துணிதான் வேண்டும். கிழிந்துவிட்ட துணி தன் பலவீனத்தை ஒப்புக்கொண்டுவிட்டது, அதை நம்பலாம். அதனால் நாம் உடுத்தியிருக்கும்போதே அக்கா முன்பதிவு செய்துவிடுவார். "தம்பி, இந்தச் சட்டை முழங்கையில விடப்போகுது. விட்டதும் எங்கிட்ட வந்துரணும்" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து நான் ஆபீசில் மேஜைமீது கையை ஊன்றுவதையே விட்டேன். சந்து முனைச் சாயாக்கடைச் சேட்டனின் கைலிக்கும் இப்படி ஒரு முன்பதிவு விழ, இது பாங்க்காரன் ஜப்தியைவிடக் கொடுமை என்று அவர் புலம்பினார். அந்தப் புலம்பல்தான் பேராகி நிலைத்தது.

அக்காவின் சந்தேகத்துக்கு ஆள், பொருள், கால்நடை என்ற பேதம் இல்லை. மின்கம்பத்துக்கு நம்பர் எழுத வந்த ஆளைத் திருடர்களுக்கு அடையாளம் போடுகிறவன் என்று முடிவுகட்டி, அவன் எழுதிவிட்டுப் போன நம்பர்களையெல்லாம் ஈரத்துணியால் துடைத்தார். அவன் திரும்பி வந்து எழுத, அவர் திரும்பத் துடைக்க, கடைசியில் எங்கள் சந்துக்கு மட்டும் நம்பரே இல்லாமல் போனது. மட்டாஞ்சேரியில் ஆடுகள் தெருவில் தங்கள் இஷ்டத்துக்குத் திரியும். ஒரு நாள் கொடியில் காய்ந்த போர்வையின் ஓரத்தை ஒரு ஆடு மென்றுவிட்டது. நாங்கள் ஆட்டை விரட்டினோம். அக்கா ஆட்டை அனுப்பியது யார் என்று விசாரிக்கக் கிளம்பினார். யாரும் சிக்கவில்லை. திரும்பி வந்து கடிபட்ட இடத்தைத் தடவிப் பார்த்தவரின் முகம் மலர்ந்துவிட்டது. ஆடு பொய் சொல்லாது, நல்ல கிழிசல் என்று அதிலேயே அடுத்த துண்டை வைத்துத் தைக்க உட்கார்ந்துவிட்டார்.

அங்கே ஒரு விருந்தினர் விடுதி நடத்திய அம்மாள் அக்காவின் போர்வையைப் பார்த்து மயங்கி, ஒரு புத்தம்புது மெத்தை விரிப்பைக் கொண்டுவந்து கொடுத்து, இதன்மேல் தைத்துத் தாருங்கள் என்று கேட்டார். அக்கா வாங்கி வைத்துக்கொண்டார். மாதங்கள் போயின. அந்த அம்மாள் தேடி வந்தபோது விரிப்பு வாசலில் கிடந்தது. அதன்மேல் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. போர்வை எங்கே என்று கேட்டதற்கு, "இன்னும் கிழியலை. போட்டு அடிச்சுப் பார்த்துட்டேன், ஒரு நூல் விடலை. எனக்கே சந்தேகமா இருக்கு" என்றார் அக்கா. அந்த அம்மாள் கருவாட்டை உதறிவிட்டு விரிப்பை எடுத்துக்கொண்டு போனார்.

இதுவரை சிரிப்புதான். செல்வி விஷயத்தில்தான் இது வினையாகப் பார்த்தது.

செல்வி வல்லார்பாடம் துறைமுகத்தில் கன்டெய்னர் ஆபீஸ் ஒன்றில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே வயரிங் வேலைக்கு வந்துபோன பிஜு என்ற ஏலூர்ப் பையனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவனுக்கும்தான். செல்வி சுத்தமான பெண், நேராக வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டாள். பையன் மலையாளத்துக்காரன் என்பதிலோ வேறெதிலோ அக்காவுக்கு ஆட்சேபம் இல்லை. வரச் சொல், பார்க்கிறேன் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிஜு வந்தான். சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார்கள்.

பையன் வந்த அழகைப் பார்த்ததுமே இது தேறாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மடிப்புக் கலையாத சட்டை, படிய வாரிய தலை. செருப்பை ஜோடியாக, வாசலுக்கு முதுகு காட்டி விட்டான். சாயாவைச் சத்தமில்லாமல் குடித்தான். கோபம் வருமா என்று அக்கா கேட்டார், வராது என்றான். குடிப்பாயா, இல்லை. யாரோடாவது சண்டை உண்டா, இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் "சரி அம்மா". ஒவ்வொரு நல்ல பதிலுக்கும் அக்காவின் முகம் ஒரு படி இறங்கிக்கொண்டே போனது. அவன் வணக்கம் சொல்லிக் கிளம்பியதும் கதவைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இவன் எதையோ மறைக்கிறான்."

"என்னத்தக்கா மறைக்கிறான்?"

"அதான் தெரியலை. அவ்வளவு நல்லா மறைச்சிருக்கான்."

துப்புத் துலக்க என்னை ஏலூருக்கு அனுப்பினார். பஸ் மாறிப் போய், பிஜு வீட்டுப் பக்கத்துச் சாயாக்கடை, பலசரக்குக் கடை எல்லா இடத்திலும் விசாரித்தேன். தங்கமான பையன் என்றார்கள். முடிவெட்டும் கடைக்காரர், இவ்வளவு அசையாமல் தலையைக் கொடுக்கிற ஆள் இந்த வட்டாரத்திலேயே கிடையாது என்று சர்டிபிகேட் கொடுத்தார். பிஜுவே தற்செயலாக என்னைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அழைத்துப்போய் உபசரித்தான். நான் திரும்பி வந்து சொன்னதையெல்லாம் அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, பலகாரம் கொடுத்தானா என்று கேட்டார். பழம்பொரி கொடுத்தான் என்றேன். அதோடு என் சாட்சியம் செல்லாமல் போயிற்று. அடுத்த ஒரு வாரம் அக்கா என்னையும் சேர்த்தே பார்வையில் வைத்திருந்தார்.

பிறகு அக்கா தனக்குத் தெரிந்த பரீட்சைக்கு வந்தார். பையனின் பழைய சட்டை ஒன்று வேண்டும், கிழிந்ததாக இருக்க வேண்டும் என்று செல்வியிடம் சொல்லி அனுப்பினார். எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்த்தால் ஆளைத் தெரிந்துகொள்ளலாமாம். இதில் ஒரு சிக்கல். பிஜுவின் அம்மா எந்தத் துணியையும் கிழியும்வரை வீட்டில் வைத்திருக்கும் ரகம் இல்லை. சாயம் லேசாக மங்கினாலே பாத்திரக்காரனிடம் போட்டு எவர்சில்வர் கிண்ணம் வாங்கிவிடுவார். அந்த வீட்டில் கிழிசலே கிடையாது, கிண்ணம்தான் உண்டு. பாவம் பிஜு, கேட்டதைக் கொடுக்க முடியவில்லையே என்ற வருத்தத்தில் அக்காவுக்கு ஒரு புதுப் பட்டுச்சேலை வாங்கிக்கொண்டு வந்தான். அந்தச் சேலை பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. அக்கா பெட்டியின் மேல் ஒரு அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தார்.

செல்விக்குப் பொறுமை போய்விட்டது. "அம்மா, உனக்கு மருமகன் வேணுமா, சாக்கு வேணுமா?" என்று கேட்டேவிட்டாள். ஆனால் அவளிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. அம்மா தலையாட்டாமல் இந்தப் படியை விட்டு இறங்கமாட்டேன் என்று பிஜுவிடம் முதலிலேயே சொல்லியிருந்தாள். பிஜு வீட்டிலோ அவனுடைய அம்மா, இப்படி இழுத்தடிக்கிற சம்பந்தம் நமக்கு வேண்டாம், ஆலுவாவில் ஒரு பெண் இருக்கிறது, ஆவணியில் சிங்க மாசம் பிறந்தால் பேசி முடித்துவிடுவேன் என்று ஆரம்பித்திருந்தார். ஆடி மாசத்துக் கர்க்கடக மழை கொட்டிக்கொண்டிருந்தது. செல்வி சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். மாடியில் என் மனைவியிடம் வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். அந்த முகத்தைப் பார்க்க எங்களுக்கே தாங்காது.

அந்த நேரத்தில்தான் பிஜு ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தான். உள்ளே நீலச் சட்டை. கை பக்கம் நீளமாகக் கிழிந்திருந்தது. செல்விக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிழிசலுக்குள் கையை விட்டார். விரலை விரித்தார்.

"இது பிளேடு" என்றார் அக்கா.

பிஜு தலையைக் குனிந்துகொண்டான். தீர்ந்தது கதை. கிழியாதவன் என்று சந்தேகப்பட்ட இடத்தில் இப்போது ஏமாற்றுக்காரன் என்றும் ஆகிவிட்டது. அக்கா சட்டையை ஒழுங்காக மடித்து, பொட்டலத்தில் வைத்து, அவன் கையில் கொடுத்து, நல்லபடியா போயிட்டு வாங்க என்றார். அவன் அதற்கும் "சரி அம்மா" என்றான். எனக்கு அவனைப் பிடித்து உலுக்கலாம்போல இருந்தது. வாசல்வரை போய்விட்டான்.

அப்போது அக்கா, அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார்.

"இவனுக்கு இந்த அளவு மூளை ஓடாது தம்பி. எல்லாம் இவ சொல்லிக்கொடுத்ததாக்கும். பெத்த தாயை ஏமாத்துற கள்ளி."

செல்வி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். வாசலில் பொட்டலம் கீழே விழுந்தது. திரும்பிப் பார்த்தால், அது பிஜுவே இல்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, வேறு யாரோ நின்றுகொண்டிருந்தான்.

"அம்மே, என்னெ எது வேணும்னாலும் பறஞ்ஞோ. கள்ளன்னு சொல்லிக்கோ, ஏலூர் முழுக்கப் போய்ச் சொல்லிக்கோ. பிளேடு வச்சது நானாக்கும், அவளுக்கு ஒண்ணும் அறியாது. செல்வியைப் பத்தி ஒரு வார்த்தை பேசண்டா."

அது சத்தமா, இடியா. சாயாக்கடைச் சேட்டன் கடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். மழையில் ஒதுங்கி நின்ற ஆடுகள் கலைந்து ஓடின. பிஜு நிறுத்தவில்லை. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளாக விழுங்கி வைத்திருந்ததையெல்லாம் மலையாளத்திலும் தமிழிலுமாகக் கொட்டினான். அவள் சாப்பிடுவதில்லை என்று தெரியுமா, இளைத்துப் போனது உங்கள் கண்ணில் படவில்லையா, ஓட்டை தேடுகிற கண்ணுக்குப் பெற்ற பிள்ளையின் முகம் தெரியாதா என்று கையை வீசிக் கேட்டவன், பாதியில் குரல் உடைந்து அழுதுவிட்டான். வீசின கை ஜன்னல் கொக்கியில் மாட்டியிருந்தது. அவன் இழுக்க, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சட்டை பர்ரென்று போனது.

அக்கா எழுந்து அவனிடம் போனார். தொங்கிய கையைத் தூக்கிப் பிடித்து, அந்தப் பிளவுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"இது கிழிசல்" என்றார். பிறகு செல்வி பக்கம் திரும்பி, இதுவரை அந்தச் சந்தில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். "உங்கப்பாவும் இவனை மாதிரிதான் இருந்தாரு. சட்டையில ஒரு சுருக்கம் கிடையாது, வாயில ஒரு சத்தம் கிடையாது. நான் எது சொன்னாலும் சரிம்பாரு. என்னை அடுத்தவங்க எது சொன்னாலும், அதுக்கும் சரிம்பாரு. அப்படியே ஒரு நாள் சரின்னுட்டுச் சாயா குடிக்கப் போனவர்தான், வரவே இல்லை. எனக்காக ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சத்தம் போட்டிருந்தா..." பிஜுவின் கன்னத்தைத் துடைத்துவிட்டார். "இவன் எங்க கிழிவான்னு தெரிஞ்சுபோச்சு மோளே. சிங்கத்துல நாள் பார்க்கச் சொல்லு."

அடுத்த நொடியே பழைய அக்கா திரும்பி வந்து, சட்டையைக் கழற்று என்று கையை நீட்டினார். பிஜு என்னுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஏலூருக்குப் போனான். அது அவனுக்கு நைட்டி மாதிரி இருந்தது. அக்கா அன்று சாயங்காலமே அந்தக் கிழிசலைத் தரையில் விரித்து, முதல் துண்டை வைத்துக் கல்யாணப் போர்வையை ஆரம்பித்துவிட்டார்.

மகளை வேண்டுமென்றேதான் கள்ளி என்று சொன்னாரா, இல்லை வாய் தவறி வந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால், "உனக்கு எதுக்கு அந்தச் சந்தேகம்?" என்பார்.

கல்யாணம் முடிந்து முதல் தடவையாக மகளைப் பார்க்க ஏலூருக்குப் போனபோது துணைக்கு என்னை அழைத்துப் போனார். போர்வையைக் கொடுத்துவிட்டு, சமையல்கட்டிலிருந்து கிணற்றடிவரை சோதனை போட்டார். குறை ஒன்றும் அகப்படவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் களமசேரி தாண்டியதும், என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். கண்டக்டரையும் டிரைவரையும் மாறி மாறிக் கண்காணித்துக்கொண்டே வருவதால் பஸ்ஸில் ஒரு நாளும் கண்ணை மூடாத மனுஷி. தோள் மரத்துப்போனாலும் நான் அசையவில்லை. தோப்பும்படி வந்ததும் திடுக்கிட்டு எழுந்து, இடுப்பில் சுருக்குப்பை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ தூங்கலைல்லா தம்பி?"

"இல்லக்கா."

"தெரியும். அதான் நான் தூங்கினேன்" என்றுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது நான் கோயம்புத்தூருக்கு வந்துவிட்டேன். பத்திரிகையில் இப்படி எழுதியிருக்கிறது என்று செல்வி படித்துக் காட்டினால், அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இத்தனை நாள் கழித்து இவன் எதுக்கு நம்மளைப் பத்தி எழுதுறான், இதுல என்ன இருக்கு என்று கட்டாயம் கேட்பார். ஒன்றும் இல்லை அக்கா. மனசு உங்களைத் தேடுகிறது, அவ்வளவுதான்.